உன் வேலை நேரத்தில் நடந்தது

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீ எந்த ஊரில் இருந்தாலும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும். நாங்களும் நலம் என்று எழுத இந்தத் தடவை கை வரவில்லை. உனக்கு நிலையான முகவரி இல்லாததால் மின்னஞ்சலில் அனுப்புகிறேன், வேலையை முடித்துவிட்டுப் படி.

போன வாரம் அப்பாவுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, அதனால்தான் பேசவில்லை என்றேனே, அது பொய். அன்று குளியலறை வாசலில் விழுந்துவிட்டார், பக்கவாதம். விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் பேச்சு இருந்தது. உன்னை அழைக்க நான் போனை எடுத்ததும் கையைப் பிடித்துக்கொண்டு, "வேணாம்டி, புள்ள வேலையில இருப்பா, முடிச்சதும் சொல்லிக்கலாம்" என்றார். அவர் தெளிவாகப் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். ஊர் ஊராகத் தனியாகப் போய்க்கொண்டே வேலை பார்ப்பதென்றால் வேலைக்கு உட்காரும் சில மணி நேரம் யாரும் கூப்பிடக் கூடாது என்று நீ சொன்னதை அவர் சட்டமாகவே வைத்திருந்தார். இங்கே பாத்திரம் விழுந்தால்கூட, "மெதுவாடி, அவ வேலை நேரம்" என்பார். நீ அழைத்தபோது உண்மையைச் சொல்ல எனக்கும் துணிவு வரவில்லை, தெரியாத ஊரில் ஒரு அறையில் தனியாக உட்கார்ந்து அழுவாயே என்றுதான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, மகள் எங்கே இருக்கிறாள் என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. போன மாதம் வீடியோவில் உன் பின்னால் நீலச் சுவர், இந்த மாதம் மஞ்சள் சுவர், அவ்வளவுதான் தெரியும். அப்பாவைத் தூக்கி வந்த கீழ்வீட்டுத் தையல்காரர், "அவ உலகத்துக்கே அளவு எடுத்துட்டிருக்கா டாக்டரம்மா" என்றார். சிரிக்க வைக்கத்தான் சொன்னார், பாவம்.

உனக்குக் காய்ச்சல் வந்தபோது கேமராவை அணைத்துவிட்டு மீட்டிங்கில் உட்கார்ந்திருந்தாயாமே, உன் தம்பி பிறகுதான் சொன்னான். நீயும் அப்பாவும் ஒரே வார்ப்பு, விழுந்தாலும் வேலை கெடாமல் விழ வேண்டும். பயணத்தை விட்டுவிட்டு வா என்று சொல்ல மாட்டேன். வந்தால் வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன்.

போகிற இடமெல்லாம் உனக்கு நல்லவர்களே எதிர்ப்பட வேண்டும். கதவைத் தாழிட்டுத் தூங்கு.

ஒன்று மட்டும் மறக்காதே. பேச்சு வராத கூச்சத்தில், உன் அழைப்பு வந்தால் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறார். அதனால் நாளையிலிருந்து வேலைக்கு உட்காரும்போதே எங்களை அழைத்து, போனைப் பக்கத்தில் வைத்துவிடு. யாரும் பேச வேண்டாம். நீ தட்டச்சு செய்வதைக் கேட்டுக்கொண்டு அவர் படுத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
அம்மா