கிழவனுக்கு இரண்டு மாத்திரை

வீட்டம்மாவுக்கு,

நீ என்னோடு பேசி மூன்று நாளாகிறது. அதனால்தான் இந்தச் சீட்டு.

நம் கிழட்டு நாயின் மூட்டுவலிக்கு தினம் இரண்டு மாத்திரை என்றார் டாக்டர். துணிக்கடையில் பேரம் பேசியே பழகிய என் வாய் சும்மா இருக்குமா? "ஒண்ணுல முடிச்சுக்கலாமே டாக்டர்" என்றேன். "சரி, குடுத்துப் பாருங்க" என்று இறங்கி வந்தார். ஜெயித்த மிதப்பில் வீடு வந்தேன். நீ வாயை மூடிக்கொண்டாய்.

இன்று காலை கிழவன் வாசற்படி ஏற முடியாமல் என் முகத்தையே பார்த்தான். உடனே டாக்டருக்கு போன் செய்தேன். இரண்டுதான் என்றார், நான் மறுபேச்சு பேசவில்லை.

ஒன்று கொடுத்துவிட்டேன். சாயங்காலம் இன்னொன்றைச் சோற்றில் ஒளித்துக் கொடு. துப்பிவிடுவான், பக்கத்திலேயே நில்.

பி.கு.: அவனைத் தூக்கிப் படியேற்றியதில் என் இடுப்பு பிடித்துக்கொண்டது. எந்தத் தைலம் என்று நீயே வாயைத் திறந்து சொல். பேரம் பேச மாட்டேன்.