போணிக்குப் போன படம்

அன்புள்ள லூர்துமேரிக்கு,

மாதா புண்ணியத்தில் நலம். உன் முட்டிவலி குறைந்ததா?

பெங்களூரில் ஞாயிறுதோறும் பெயர் தெரியாத ஓவியர்களும் நடைபாதையில் படம் விற்கலாம் என்றார்கள். வாட்ச்மேன் வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் போனேன். நான் வரைந்த தொப்பூர் கணவாய்ப் படங்களை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. முதலில் விலை கேட்ட அம்மாள், துணைக்கு மாட்டியிருந்த உன் படத்தைக் காட்டி, "இதக் குடுங்க" என்றார். தூக்கிவாரிப்போட்டது. மாரண்டஹள்ளியில் தக்காளி விற்ற நாள் முதல் போணியைத் திருப்பி அனுப்பியவனில்லை நான். கொடுத்துவிட்டேன்.

"இன்னொண்ணு வரைஞ்சுக்கங்க பெரியவரே!" என்று பக்கத்துக் கடைக்காரர் சிரித்தார்.

வரைய உட்கார்ந்தேன். உன் மச்சம் எந்தக் கன்னத்தில் என்று தெரியவில்லை, லூர்து. கட்டிக்கொண்டு நாற்பது வருடம்!

ஒரு போட்டோ அனுப்பு. போனில் வேண்டாம், தபாலில். முக்காடு போடாதே. டூட்டிக்கு நேரமாகிவிட்டது.

சவுரியப்பன்