கொழுந்து மணத்த வாய்க்கரிசி

என் அப்பா, என் அருமை அப்பா,

ராகலையில் இன்று வெயில். பதினேழு வருஷமாக உங்களிடம் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிட உட்கார்ந்திருக்கிறேன். அம்மாவிடம் முதலில் சொல்லியாயிற்று.

நீங்கள் போனது உலகச் சண்டைக்காலத்தில். எனக்கு எட்டு வயது. அரிசி கூப்பனுக்குத்தான் கிடைக்கும். சில வாரம் அதுவும் இல்லை, கோதுமை மாவுதான். தேயிலைத் தோட்டத்துக்கு வரும் அரிசி மூட்டைகளை லொறியிலிருந்து இறக்கியவர் நீங்கள். அவற்றில் எது பின்கதவு வழியாகக் கள்ளச்சந்தைக்குப் போனது என்பது உங்கள் தோளுக்குத் தெரியும்.

தம்பி காய்ச்சலில் கிடந்தபோது அம்மா கேட்டாள்.

"ஒரு கொத்து கள்ள அரிசி வாங்குவோமுங்க. புள்ளைக்குக் கஞ்சி காச்ச."

"அது நம்ம லயத்துச் சனத்துக்கு வந்த அரிசிடி. நம்மகிட்ட புடுங்கி நமக்கே விக்கிறான். இன்னைக்கு வாங்குனா அடுத்த வாரம் இன்னொரு மூட்ட போகும்."

"அதெல்லாம் வயித்துக்குத் தெரியுமா?"

அன்றிலிருந்து உங்கள் பங்குச் சோற்றைத் தம்பியின் தட்டில் போட்டீர்கள். அவன் எழுந்தான். அடுத்த மழையில் நீங்கள் படுத்தீர்கள். ஒன்றால்தான் மற்றது நேர்ந்ததா? யாரைக் கேட்பது?

உங்களைக் கிடத்திய அன்று வீட்டில் மாவு மட்டும்தான். வாய்க்கரிசி போட ஒரு மணி அரிசி இல்லை.

"மாவ அள்ளிப் போட்டா அத்தான் தும்மி எந்திரிச்சிருவாரு," என்றார் மாமா. அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அம்மா சிரிக்கவில்லை. "எவங்கிட்டயாச்சும் வாங்கிட்டு வா தம்பி," என்று மட்டும் மாமாவிடம் சொன்னாள்.

மாமா தேயிலைக் கொழுந்துக் கூடையில், கொழுந்துக்கு அடியில் ஒளித்துக் கொண்டுவந்தார். என் முறை வந்தது. என் கையில் ஒரு பிடி அரிசி. அதில் பச்சைக் கொழுந்து வாசனை. அது எந்த அரிசி என்று தெரிந்துவிட்டது.

உயிரோடு வேண்டாம் என்றவருக்கு, வேண்டாம் என்று சொல்ல முடியாத நேரத்தில் எப்படிப் போடுவது? உங்கள் வாய்க்கு மேலே கையைக் கொண்டுபோனேன். விரலைப் பிரிக்கவில்லை. "புள்ள பயந்திருச்சு," என்று யாரோ என்னை விலக்கினார்கள்.

பெருமையாக இருந்தது அப்பா. பீலிக்கரை வரைக்கும் இருந்தது.

அங்கே பீலிக் குழாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. நான் சோற்றைக் கண்டு மூன்று நாள். கையைத் திறந்தேன். பச்சையாகவே மென்று தின்றேன். உள்ளங்கையில் ஒட்டியிருந்ததையும்.

உங்களுக்காக மூடிய கையா, எனக்காக மூடிய கையா? பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நீதி, அநீதி என்று நிறையப் படித்தேன். அந்தப் பக்கங்களில் எங்கும் என் கை இல்லை.

போன ஞாயிறு. ஹட்டனில் படிப்பிக்கிறேன், லீவுக்கு வந்திருக்கிறேன். அம்மா முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். இன்றைக்கும் கூப்பன் அரிசிதான் அப்பா. கல்லும் அதே கல். எதிரே உட்கார்ந்து பொறுக்கியபடியே சொல்லிவிட்டேன். தலையை நிமிர்த்தவில்லை.

முறம் குலுங்கியது. அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அடி பாதகத்தி! இதுக்கா இத்தன வருசம் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்த?"

"சிரிக்காதீங்கம்மா."

"மூணு தடவ போடணும். நா ஒரு தடவதான் போட்டேன். மிச்சத்த முந்தானையில முடிஞ்சிக்கிட்டேன். மறுநா ஒங்களுக்குக் கஞ்சி எதுல காச்சுனேன்னு நெனச்ச?"

எனக்கு அந்தக் கஞ்சி ஞாபகம் இருக்கிறது. உப்புப் போட்டது.

"அப்பாவுக்குத் தெரிஞ்சா திட்டியிருப்பாராம்மா?"

"திட்டாம? மொதல்ல ஒங்க ரெண்டு பேரயும் குடிக்க வச்சிருப்பாரு. அப்புறம் என்னயத் திட்டியிருப்பாரு."

பிறகு நாங்கள் இருவரும் கொஞ்சம் அழுதோம். நல்ல அழுகை. பசி எடுத்தது.

நீங்கள் சொன்னது தப்பில்லை. நம்மிடமிருந்து எடுத்துத்தான் நமக்கு விற்றார்கள். அம்மா வாங்கியதும் தப்பென்று என்னால் சொல்ல முடியவில்லை. கள்ள அரிசி இன்றும் கிடைக்கிறது. நான் வாங்குவதில்லை. வயிறு நிறைந்தவளுக்கு அது பெரிய காரியமில்லை. வாங்குகிறவளை முறைத்துப் பார்ப்பதை மட்டும் போன ஞாயிறோடு விட்டுவிட்டேன்.

தம்பிக்கு உங்கள் தோள். கொழுந்து அரைக்கிற தேயிலை ஸ்டோரில் வேலை. சாப்பாட்டில் குறை வைப்பதில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை உங்கள் திதி. அம்மா கூப்பன் அரிசியில் பொங்குவாள். கல் நான் பொறுக்குவேன். இலையில் முதல் பிடி நான்தான் வைக்கப்போகிறேன். இந்த முறை கையை மூட மாட்டேன் அப்பா.

உங்கள் வாய்க்கரிசியைத் தின்று வளர்ந்த
மூத்த மகள்