சிவப்புப் பூவுக்கு நான் இணங்கவில்லை

எளியவர் குறைக்குத் திருச்செவி சாய்க்கும் ஆனைமுகனே, இக்கடிதத்தில் ஒரு சொல்லும் பொய்யாகாமல் காத்தருள்.

என் இல்லத்து விளக்கே, சிவகாமி,

உன் மூன்றாம் ஆண்டுத் திவசம் சென்ற மாதம் நிறைவுற்றது. அதற்குப் பின் நடந்த ஒன்றுக்காக உன் தம்பி என்னைத் தெய்வத்தை மீறியவன் என்கிறான். கண்டியில் பாதிச் சுற்றமும் அதையே சொல்கிறது. சொல்லட்டும். நடந்ததை நீ என் வாயால் கேள்.

புசல்லாவைத் தோட்ட அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் எழுதித் தேய்ந்த உன் விரல்களின் பயன், மாதச் சம்பளத்தில் பிடித்துச் சேர்ந்த அந்தச் சேமலாப நிதி. செவியும் பேச்சும் வாய்க்காத நம் மகள் கோமதிக்கு, நானும் போன பிறகு அதுதான் சோறு. அதை ஒரு தனியார் நிதிக் கம்பனியில் போடச் சொன்னான் உன் தம்பி.

"பேங்க்ல போட்டா காசு தூங்கும் அத்தான். இங்க மூணு மடங்கு வட்டி. நானே போட்டிருக்கேன்ல?"

"தூங்கட்டும் தம்பி. தூங்குற காசு வீட்டை விட்டு ஓடாது."

"உங்களோட பேசி ஜெயிக்க ஏலாது. வாங்க, கோயில்ல பூக்கட்டிப் பார்ப்போம். புள்ளையாரு சொல்லட்டும்."

வெள்ளைப் பூ வந்தால் வங்கி, சிவப்பு வந்தால் கம்பனி. நான் இசைந்தேன். அங்கேதான் தவறினேன், சிவகாமி. ஐம்பது ஆண்டு பூசித்தவனுக்கு வெள்ளையே வரும் என்ற செருக்கு. சன்னிதியில் வைத்த இரண்டு வெற்றிலைப் பொட்டலங்களில் ஒன்றைக் கோமதி எடுத்துப் பிரித்தாள். செவ்வரளி.

"பாத்தீங்களா! சாமியே கையெழுத்துப் போட்டுட்டாரு!"

"கையெழுத்து நான்தான் தம்பி போடணும். போடமாட்டேன்."

"அப்ப காலையில பாடுற பதிகமெல்லாம் வெறும் சத்தமா?"

அந்தக் கேள்வி இரண்டு நாள் என்னைத் தின்றது. பிறகு அதே சன்னிதியில் நின்று சொன்னேன்: அப்பனே, முடிவை நெஞ்சில் வைத்துக்கொண்டு உன்னைக் கேட்பதுபோல் நடித்தேன். அப்பிழையைப் பொறு. ஆயின், நீ தந்த அறிவு இருக்கையில், ஆதரவற்றவளின் சோற்றை ஒரு பூவில் வைக்க நீ சொல்வாயா?

மறுநாள் கோமதியுடன் நகரத்து அரச வங்கிக்குப் போனேன். ஒரு பகுதியை, அரசு கடனாகப் பெற்று வட்டியோடு திருப்பித் தரும் திறைசேரி உண்டியலிலும், மிகுதியை வெவ்வேறு காலத்தில் முதிரும் மூன்று நிலையான வைப்புகளிலும் இட்டேன். அங்கிருந்த பெண் அலுவலர் தயங்கினாள்.

"வட்டி கொஞ்சம்தான் ஐயா. சாமான் விலை ஏறுனா அதுவும் பத்தாது."

"தெரியும் பிள்ளை. எனக்கு முதல் இருக்கணும்."

கோமதி அன்று புதிதாய் ஒரு செவ்வரளியைக் கூந்தலில் சூடி வந்திருந்தாள்; அவளுக்கு அது அழகான பூ மட்டுமே. நான் கையொப்பமிட்டதும் அவள் விரல்களை மடக்கி நெஞ்சில் வைத்தாள். 'பத்திரம்' என்பதற்கு நீ அவளுக்குக் கற்பித்த சைகை அல்லவா அது?

உன் தம்பிக்கு வட்டி தவறாமல் வருகிறது. புது வாகனமும் வாங்கிவிட்டான். வாழட்டும். ஊர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. நான் தோற்றேனா, சிவகாமி? அவள் சோறு சூதாட்டக் காயாகாதவரை, அந்தத் தோல்வியை மாலையாக அணிவேன்.

உனக்கு என் வாக்கு இது: மூச்சுள்ளவரை அந்த வைப்பில் வேறு கை படாது. ஊர் சொன்னாலும், பூ சொன்னாலும்.

இதை வாசிக்கும் அன்பர்களே, உங்கள் உலையில் நாளும் அரிசி வேகுக. வாய்திறந்து கேட்க இயலாத உயிர் உங்கள் இல்லத்தில் இருப்பின், அதன் பங்கை இறைவன் காக்க.

கோமதியின் தந்தை,
என்றும் உன் கணவன்.