ஆறு பெட்டிகள்

மார்ச் 4
துளை போடும் மெஷினின் பிட், அதாவது கல்லை வெட்டும் முனை, பதினெட்டாவது மீட்டரில் உடைந்தது. புது பிட் வர இரண்டு மூன்று வாரம் ஆகுமாம். மேலிருந்து அதுவரை ஒரே சாம்பல் கல். இன்னும் போனாலும் இதேதான் வரும், பந்தயம் கட்டுவேன். மெஷின் ஆபரேட்டரிடம், "முப்பதுன்னு எழுதுங்க" என்றேன். "பதினெட்டுலயே நின்னுடுச்சே சார்?" "கல்லைப் பத்திப் படிச்சவன் நானா, நீங்களா?" எல்லோர் முன்னாலும்தான் கேட்டேன். எழுதினார். அறிக்கை முடிந்தது: கனிமம் இல்லை.

மார்ச் 11
சட்டப் பிரிவு மேடம் என் மேசைக்கே வந்தார். நாங்கள் துளை போட்ட அரசு நிலத்தை வாங்கும் கம்பெனி, தரைக்கு அடியில் இருப்பதையும் சேர்த்துக் கேட்கிறதாம்.
"தம்பி, தரையை விக்கலாம். அடியில இருக்கறதை விக்கச் சட்டம் விடாது, குத்தகைதான். முப்பது மீட்டர் வரைக்கும் ஒண்ணுமில்லன்னு நீங்க எழுதினா மட்டும்தான் ரெண்டும் சேந்து போகும். போனா திரும்பாது. நல்லாப் பாத்தீங்கள்ல?"
"பாத்தாச்சு மேடம்."
யோசிக்கக்கூட இல்லை. இந்த விதி எனக்குத் தெரியாதா என்ன?

மார்ச் 12
சாப்பிடும்போது அக்கா, "என்னடா, தட்டுக்கு அடியில தங்கம் தேடறியா?" என்றாள். சிரிப்பு வரவில்லை.

மார்ச் 18
பத்திரம் பதிவாகும் முன் மேடம் கிடங்குக்குப் போய்க் துளையிலிருந்து எடுத்த கல் மாதிரிகளை அடுக்கிய பெட்டிகளை எண்ணியிருக்கிறார். ஒரு பெட்டிக்கு மூன்று மீட்டர். பத்து இருக்க வேண்டும். இருந்தது ஆறு.
எங்கள் அதிகாரி ஆபரேட்டரைக் கூப்பிட்டுக் கத்தினார். "மீதி நாலு எங்கய்யா? தொலைச்சிட்டியா?"
"சாரைக் கேளுங்க" என்றார் அவர்.
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னது இதுதான், அப்படியே எழுதுகிறேன்: "பெட்டி அவர் பொறுப்பு சார்."
நாளையிலிருந்து அவர் வர வேண்டாமாம்.

மார்ச் 19
ச்சீ.

மார்ச் 20
அக்காவிடம் கொட்டித் தீர்த்தேன். "அந்த மனுஷன் வேலையில்லாம உக்காந்திருக்கார். நீ எங்கிட்ட அழுது என்னடா ஆகப்போகுது? சொல்ல வேண்டிய எடத்துல சொல்லு."

மார்ச் 21
உண்மையை எழுதிக் கொடுத்தேன். மூன்றே வரி. பதிவு நின்றது. புது பிட்டுக்கு இப்போதுதான் ஆர்டர் போட்டார்கள். ஆபரேட்டரைத் திரும்ப வரச் சொல்லிவிட்டார்கள். இனி எந்த அறிக்கையிலும் நான் கையெழுத்துப் போடக் கூடாது. மேடம் திட்டவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். திட்டியிருக்கலாம்.
மாலையில் ஆபரேட்டர் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நிறுத்தினார். "திட்டினது ஊர் பாக்க. மன்னிப்பு மட்டும் யாருக்கும் தெரியாம வாசல்லயா சார்?"
 

ஏப்ரல் 9
புது பிட் வந்தது. மெஷினைக் கிளப்பும் முன் எல்லோரையும் நிற்கச் சொல்லிவிட்டு, பொய் சொன்னது நான்தான், அவர் இல்லை என்றேன். "சரி சார், பெட்டியைத் தூக்குங்க" என்றார் ஆபரேட்டர். இப்போது என் வேலை அதுதான்.
பதினெட்டில் மெஷினை நிறுத்தி, என்னைப் பார்த்து, சத்தமாக "பதினெட்டு" என்றார். குனிந்துகொண்டேன்.
இருபத்து மூன்றாவது மீட்டரில் கல் பச்சைக் கோடுகளோடு வந்தது. செம்பு. எட்டாவது பெட்டியில் வைத்து எண் எழுதினேன்.
"இன்னும் ஏழு மீட்டர் இருக்கு" என்றார் ஆபரேட்டர்.
ஒன்பதாவது பெட்டியை எடுத்து வரப் போனேன்.