வியாழக்கிழமைக்கு வைத்த பேச்சு

மார்ச் 4, செவ்வாய்

செருப்பைக்கூடக் கழற்றாமல் சிரித்துக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரி லிஃப்டில் ஏதோ கூத்து நடந்திருக்கிறது. "ஏங்க, இன்னைக்கு எங்க பெரிய டாக்டர் லிஃப்ட்ல..." என்று ஆரம்பித்ததுமே கையைத் தூக்கிவிட்டேன்.

"இரு இரு இரு! வியாழக்கிழமைக்கு வை."

வாயை மூடிக்கொண்டாள். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் தாளில் 'லிஃப்ட்' என்று எழுதினாள். அதற்கு மேலே 'குடை', 'சித்தப்பா', 'மாடி வீட்டு நாய்' எல்லாம் ஏற்கெனவே வரிசையில் நிற்கின்றன.

நாலு வருஷமாக இதுதான் எங்கள் வீட்டுச் சட்டம். 'கதவைச் சாத்து' என்று பாட்காஸ்டுக்குப் பெயர் வைத்துவிட்டு, வீட்டுக் கதவை ஊருக்கே திறந்துவிட்டிருக்கிறோம். புருஷன் பெண்டாட்டி பேச்சு. வியாழன் பதிவு, சனி வெளியீடு. அவள் சொல்லும் எதையும் மைக் முன்னால்தான் நான் முதல் தடவையாகக் கேட்கவேண்டும். அப்போதுதான் என் சிரிப்பு நிஜமாக இருக்குமாம். அந்தச் சிரிப்பை நம்பித்தான் மூக்குக்கண்ணாடிக் கடை வேலையை விட்டேன். அவள் பிசியோதெரபிஸ்ட். வேலையை விடவில்லை, கெட்டிக்காரி.

மார்ச் 6, வியாழன்

வெளிச்சத்தம் வராமலிருக்கப் படுக்கையறைக் கதவில் கம்பளியைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தோம். லிஃப்ட் கதை எடுபடவில்லை. "செவ்வாய்க்கிழமையே கேட்டிருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பீங்க. ஆறின கஞ்சி பழங்கஞ்சி" என்றாள். அதற்குத்தான் சிரிப்பு வந்தது. கதையை வெட்டிவிட்டு அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

மாமியார் போன். எடுத்த எடுப்பில் பிடி பிடியென்று பிடித்துக்கொண்டார்.

"மாப்பிள்ளை, மருந்துக் கடைக்காரர் என்னைப் பாத்து 'முட்டி தேவலையாம்மா'ன்னு கேக்கறார். என் முட்டி வலி அவருக்கு எப்படித் தெரியும்?"

"அத்தை, அவர் நம்ம நேயர்..."

"நேயராவது வெங்காயமாவது! எம்பொண்ணு எப்படியிருக்கான்னு நான் உங்க எபிசோடக் கேட்டுத்தான் தெரிஞ்சுக்க வேண்டியிருக்கு. போன் பண்ணா, 'அதெல்லாம் வியாழக்கிழமைம்மா'ங்கறா."

அவர் திட்டியதையே இந்த வாரம் சேர்த்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதை எழுதிவைக்கிறேன். நான் எப்படிப்பட்டவன் என்பதற்கு ஒரு அத்தாட்சி இருக்கட்டும்.

மார்ச் 11, செவ்வாய்

நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது சமையலறை வாசலில் வந்து நின்றாள். கையில் நாலாக மடித்த ஒரு தாள்.

"ஒண்ணு பேசணுங்க."

"எபிசோடுக்கா, வீட்டுக்கா?"

"தெரியல. வீட்டுக்குன்னுதான் நெனக்கிறேன்."

"பெரிய விஷயமா?"

"பெருசுதான்."

"அப்ப வியாழக்கிழமை. கண்டிப்பா வியாழக்கிழமை! சொல்லிடாத, முகத்துல கூடக் காட்டாத."

தாளை இன்னொரு மடிப்பு மடித்தாள். பிறகு ஃபிரிட்ஜ் தாளில் 'கடிதம்' என்று எழுதிவிட்டுக் குளிக்கப் போனாள். ஒரு மாதமாகக் கேட்பவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். பாட்காஸ்டைப் போடும் நிறுவனத்தின் மேலாளரம்மா "பெருசா ஏதாவது வேணும் சார், இப்பல்லாம் அஞ்சு செகண்ட் சும்மா இருந்தாலே தள்ளிட்டுப் போயிடறாங்க" என்று போன வாரம்தான் புலம்பினார். எனக்கு ஒரே சந்தோஷம். அது என்ன கடிதம் என்று ஒரு நிமிஷம்கூடக் கவலைப்படவில்லை.

மார்ச் 13, வியாழன்

அருமையான எபிசோட்!

வேறு ஊரில், குழந்தைகளுக்கான மறுவாழ்வு மையத்தில் அவளுக்குப் பிசியோதெரபிப் பிரிவின் தலைமைப் பொறுப்பு கிடைத்திருக்கிறது. ரயிலில் எட்டு மணி நேரம். திங்களுக்குள் பதில் சொல்லவேண்டும். கடிதத்தை மைக் முன்னாலேயே படித்தாள். குரல் லேசாக நடுங்கியது. கேட்க நன்றாக இருந்தது.

"நீங்க என்ன சொல்றீங்க? போகட்டுமா?" என்றாள்.

"நீ போயிட்டா வாஷிங் மெஷின்ல எந்தப் பட்டனை அமுக்கறதுன்னு எனக்கு யாரு சொல்லுவா?" என்றேன். வாயிலிருந்து தானாக வந்தது. அவளும் சிரித்துவிட்டாள்.

மார்ச் 14, வெள்ளி

எடிட்டிங். பட்டன் வசனத்துக்கும் அவள் சிரிப்புக்கும் நடுவே ஒன்பது வினாடி காலியாகக் கிடந்தது. வெட்டி ஒட்டினேன். இப்போது பட்டென்று சிரிக்கிறாள்.

மார்ச் 17, திங்கள்

பட்டன் துண்டு எங்கெங்கோ பரவிவிட்டது. எந்த வாட்ஸ்அப் குழுவைத் திறந்தாலும் என் குரல்தான். சாயங்காலம் அவள் வந்ததும் போனைக் காட்டினேன். "பாத்தேன்" என்றாள். பிறகு, "வேலைக்கு வர்றேன்னு காலைல பதில் போட்டுட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே!"

"கேட்டேனே. ரெண்டு லட்சம் பேரு சாட்சி இருக்காங்க."

"நீதான் சிரிச்சியே..."

"உடனேயா சிரிச்சேன்? நடுவுல இருந்தத வெட்டினது யாரு? வெட்டும்போதாவது கேட்டீங்களா?"

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். எனக்கு வேறென்ன தெரியும்?

மார்ச் 18, செவ்வாய்

அவள் வேலைக்குப் போனபின் முழுப் பதிவை எடுத்து ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்டேன். நாற்காலி கிறீச்சிடுகிறது. தாளை மடிக்கிறாள். ஆறாவது வினாடியில், மெதுவாக, "ஏங்க" என்கிறாள்.

ஏங்க. அவ்வளவுதான். நான் பதில் சொல்லவில்லை. அடுத்த ஜோக்குக்கு மூச்சு இழுக்கும் சத்தம் மட்டும் என் மைக்கில் பதிவாகியிருக்கிறது.

அன்றைக்கும் காதில் இதே ஹெட்ஃபோன்தானே இருந்தது? கேட்காமல் எப்படி இருந்திருக்க முடியும்? வெட்டும்போதும் இதைத் தாண்டித்தானே போயிருப்பேன்... அடப்பாவி. பதினோரு வருஷம் கூட இருந்தவ கூப்பிட்டிருக்காடா.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் காதாலும் கெட்டேன்.

ஏப்ரல் 2, புதன்

துணிந்து சொல்லிவிட்டேன். "நானும் வர்றேன். அந்த ஊர்லயும் கண்ணாடிக் கடை இருக்கும்ல?"

துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "இது எபிசோடுக்கா, வீட்டுக்கா?"

"என்ன பேச்சு இது!" என்று எகிறினேன்.

"குத்திக்காட்டலீங்க. நெசமாவே தெரியாமத்தான் கேக்கறேன்."

கோபமாக மொட்டைமாடிக்குப் போய்விட்டேன். அங்கே போய் நின்ற பிறகுதான் உறைத்தது. அவளிடம் சொல்வதற்கு முன் அந்த வாக்கியத்தை மனசுக்குள் மூன்று முறை சொல்லிப் பார்த்திருந்தேன். எந்த இடத்தில் நிறுத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூடப் பார்த்திருந்தேன். அவளுக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியவில்லையே.

இறங்கி வந்தபோது, "முதல்ல நான் போய்ப் பாக்கறேன். அப்புறம் யோசிக்கலாம்" என்றாள். சரி என்றேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

ரயில் ஏற்றிவிட்டு வந்தேன்.

மே 8, வியாழன்

மேலாளரம்மாவிடம் இனி 'கதவைச் சாத்து' கிடையாது என்றேன். "அவசரப்படாதீங்க சார், தூரத்துல இருக்கற தம்பதின்னு ஒரு சீசனே பண்ணலாம். மேடம் போன்லயே பேசட்டும்" என்றார். உடனே முடியாது என்று சொல்லியிருக்கவேண்டும். "யோசிச்சு சொல்றேன்" என்றேன். வைத்துவிட்டு அரைமணி நேரம் நிஜமாகவே யோசித்தேன். என்னை எதால் அடிப்பது? பிறகு கூப்பிட்டு முடியாது என்றேன்.

மே 19, திங்கள்

பழைய கண்ணாடிக் கடையிலேயே சேர்ந்தாயிற்று. முதலாளி ஒன்றும் கேட்கவில்லை. வந்தவர்களில் ஒருவர் குரலை அடையாளம் கண்டு, "பட்டன் சார்தானே நீங்க? அக்கா சௌக்கியமா?" என்றார். சௌக்கியம் என்றேன்.

ஜூன் 15, ஞாயிறு

இரண்டு நாள் அவள் ஊரில் இருந்தேன். சின்ன வீடு. அதே மையத்தில் வேலை பார்க்கும் ஒரு நர்ஸ் அக்காவோடு சேர்ந்து இருக்கிறாள். காலையில் இருவரும் சமையலறையில் ஏதோ சொல்லி அடக்க முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் போனதும் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

"என்னாச்சு? எனக்கும் சொல்லேன்."

"அதுவா... போன வாரம் மையத்துல நடந்துச்சு, அன்னைக்கே அக்காகிட்ட சொல்லி முடிச்சிட்டேங்க. இப்ப சொன்னா ரசிக்காது."

கெஞ்சினேன். சொன்னாள். ஒரு குழந்தை முதல் தடவையாகத் தானே நாலு எட்டு நடந்து, நேராகப் போய் மையத் தலைவரின் மதியச் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டதாம். நான் சிரித்தேன். அவள் முகம் சுருங்கிவிட்டது.

"அந்தச் சிரிப்பு வேணாங்க" என்றாள்.

எனக்கு வேறு சிரிப்பு இருந்ததா என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். இருந்திருக்கும். அதற்காகத்தானே என்னைக் கட்டிக்கொண்டாள்.

நான் வந்து இங்கேயே இருக்கட்டுமா என்று கேட்கத்தான் போயிருந்தேன். கேட்கவில்லை.

ஜூன் 16, திங்கள்

திரும்பும் ரயிலில் எதிர் இருக்கைப் பெரியவர் ஒருவர் தன் கண்ணாடியைக் காணோமென்று பெட்டியையே கலக்கிவிட்டார். ஆளாளுக்குக் குனிந்து தேடுகிறோம். கடைசியில் பார்த்தால் அதை மாட்டிக்கொண்டு நன்றாகத் தூங்குகிறார் அவர் மனைவி! அந்த அம்மா எழுந்ததும், "அதான் கனவெல்லாம் தெளிவா வந்துச்சு" என்றார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பதிவு செய்யும் எண்ணமே வரவில்லை, சத்தியமாக. இவளிடம் சொல்லவேண்டும், இப்போதே சொல்லவேண்டும் என்றுதான் இருந்தது.

கூப்பிட்டேன். பின்னால் குழந்தைகளின் சத்தம்.

"வேலையா இருக்கேங்க. அப்புறம் சொல்றீங்களா?"

"சரி" என்றேன்.

சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். ஊர் போய்ச் சேர்ந்ததை விசாரித்தாள், சாப்பிட்டாயிற்றா என்றாள். "காலைல என்னவோ சொல்ல வந்தீங்களே?"

"ஒண்ணுமில்ல" என்றேன்.

மறைத்துப் பேசவில்லை. சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதில் ஒன்றுமே மிச்சமிருக்கவில்லை.