மில்லுக்கு எது முன்பக்கம்

ஜூன் 9, திங்கள்

வெயில் மண்டையப் பொளக்குது. காலைல இருந்து பெருநகர் ரோட்டு ரைஸ் மில்லை அளந்தேன். டேப்போட மறுமுனை ஏழுமலை மேஸ்திரி கையில. எங்க தெருக்காரர்தான். மில்லு மூடி ரொம்ப வருஷமாச்சு. மில்காரர் மகன் சரவணன் இப்ப அதை ஓவியக் கூடமா மாத்த ப்ளான் போடச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கார். நான் தனியா எடுக்கிற முதல் வேலை.

வாங்கணும்: சுண்ணாம்பு சாம்பிள், பென்சில், மூஞ்சி தொடைக்க ஒரு துண்டு.

மத்தியானம் சரவணனோட அப்பா வந்தார். ஊர்ல எல்லாருக்கும் பெரியவர். பெட்டி பெட்டியா டியூப் லைட்டு. ஒவ்வொண்ணுலயும் சிவப்பு பெயிண்ட்ல 'உபயம்', பக்கத்துல அவங்க அப்பா பேரு. பாதி வெளிச்சத்தைப் பேரே முழுங்கிடும். மீதி படத்துக் கண்ணாடியில பளபளன்னு அடிக்கும். "கோயில் மண்டபத்துக்குக் குடுத்துடுங்க, இங்க வேணாங்க"ன்னேன். மூஞ்சி சுருங்கிப் போச்சு. போகட்டும்.

படத்துக்கு நல்லது வடக்கு வெளிச்சம். ரோடு தெற்கே. வடக்குச் சுவர்ல ஜன்னலே கிடையாது. செங்கல் வெச்சு அடைச்ச ஒரு வாசல் மட்டும். நெல்லு அவிக்கிற பொம்பளைங்க வந்து போன வாசல். அம்மாவும் அதுலதான் வந்து போச்சு. சுவருக்கு அந்தாண்ட எங்க காலனி.

அதைத் திறக்கப் போறேன். முடிவு பண்ணிட்டேன்.

ஜூன் 11, புதன்

நடு மத்தியானம் வடக்குச் சுவர் ஓரம் நின்னு பாத்தேன். வடக்குல நேர் வெயில் விழாதுன்னு புஸ்தகம் சொல்லுது. எழுதினவங்க இந்த மாசத்துல உத்திரமேரூர் பக்கம் வந்ததில்ல போல. சூரியன் இப்ப நமக்கு வடக்கே நிக்குது, சுவர் முழுக்க வெயில். ஜன்னல் வெச்சா அதுக்கு மேல ஆழமா தாழ்வாரம் எறக்கணும். சுவர் நீளத்துக்கும். வரைஞ்சாச்சு. நல்லா இருக்கு, நானே சொல்லிக்கிறேன்.

பெரியவர் ப்ளானைப் பாத்தார்.

"அந்தாண்ட இன்னாத்துக்கு ஜன்னலு? அங்க பாக்க இன்னா கீது?"

"வெளிச்சம் கீதுங்க."

"வாசலு?"

"எங்க தெரு ஜனம் நேரா உள்ள வர."

"ரோட்டைச் சுத்திக்கினு வந்தா ஆவாதா? படிச்ச பொண்ணு நீ. தெரிஞ்சி நடந்துக்கோ."

தெரிஞ்சுதான் நடக்கிறேன். சரவணன் செல்போனைத் தடவிக்கினு பக்கத்துல நின்னார். பாவமாவும் இருந்துச்சு, எரிச்சலாவும் இருந்துச்சு. ஒரு கோடு கூட அழிக்க மாட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

ராத்திரி இடியோட மழை. காலைல கரண்ட் இல்ல. சர்ச்சுல இருந்து வந்ததும் அம்மாகிட்ட ப்ளானைக் காட்டினேன். வடக்கு வாசல்ல விரலை வெச்சு, "இது உனக்காகத்தான்"னேன். ஒரே பெருமை எனக்கு.

அம்மா மீன் கழுவிக்கினு இருந்துச்சு. "பெரிய மனுசங்கல்லாம் எந்தப் பக்கம் வருவாங்க?"

"ரோட்டுப் பக்கம்."

"அப்ப இது பின்வாசலு."

"அப்படி இல்லம்மா, வெளிச்சம்…"

"செருப்பை வெளிய வுட்டுட்டு, தலைல கூடையோட, அதுல பூந்து பூந்து வந்தவடி நானு. அதையே திரும்பக் கட்டி எனக்குக் குடுக்கிறியா? இதுக்கா உன்னைப் படிக்க வெச்சேன்? நான் வரல, போ."

கோவத்துல சாப்பிடாம எழுந்துட்டேன். கொழம்பு கொதிச்ச வாசனைக்குத் திரும்ப வந்து உக்காந்து தின்னேன். அம்மா சொல்றது சரி. அதான் கோவமே அடங்கல.

ஜூன் 17, செவ்வாய்

முழுசா மாத்தி வரைஞ்சேன். ப்ளான்ல ஆழமான தாழ்வாரம் ஏற்கனவே வடக்கேதான் இருக்கு. தாழ்வாரம் எங்கயோ அதுதான் முன்பக்கம், இதுல இன்னா சந்தேகம். பெரிய கதவு, பேர்ப் பலகை, வண்டி நிறுத்தற இடம் எல்லாம் அங்கயே. ஒரே வாசல்.

ரோட்டுப் பக்கம்: சாமான் ரூம், மீட்டர் பெட்டி, கக்கூஸ். கக்கூஸ் வரையும்போது சிரிச்சேன்.

சாயங்காலம் மில்லுல காட்டினேன். பெரியவர் ப்ளானைத் திருப்பித் திருப்பிப் பாத்தார்.

"வர்ற விருந்தாளி காலனி ரோட்டுல வந்து எறங்கணுமா?"

"ஆமாங்க."

எழுந்து போயிட்டார்.

சரவணன் எங்க தெருமுனை வரைக்கும் கூடவே வந்தார். "வடக்கு குபேர திசைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க எஸ்தர். வாஸ்துன்னா அப்பா உடனே ஒத்துக்குவார்."

ஒரு நிமிஷம் ஆசையாத்தான் இருந்துச்சு. "எங்க தெரு அங்க இருக்கு, அதான் காரணம். பொய் சொல்லித் திறக்கிற வாசல் வேணாங்க. சொல்றதுன்னா இதையே உங்கப்பாகிட்ட நீங்க சொல்லுங்க"ன்னேன். முதல் வேலை போச்சுன்னு நெனச்சுக்கினு வூட்டுக்கு நடந்தேன். ஆனா வார்த்தையைத் திருப்பி எடுக்க மனசு வரல.

ஜூன் 20, வெள்ளி

புழுதிக் காத்து. துணி எல்லாம் மறுபடி தோய்க்கணும்.

வாலாஜாபாத்ல இருந்து வேற இன்ஜினியரைக் கூட்டியாந்தாராம் பெரியவர். மேஸ்திரி வந்து சொன்னார்.

"நீங்க இன்னா சொன்னீங்கண்ணே?"

"எஸ்தரு போட்ட கோட்டுலதான் கை வெப்பேன்னேன். மொறைச்சாரு. மொறைச்சிக்கினு போட்டும்."

எங்க தெருவுல இருந்து யாரும் அந்த இன்ஜினியர் வேலைக்குப் போகல. நான் கேட்டுக்கவே இல்ல. அழுகையா வந்துச்சு, கதவைச் சாத்திக்கினு அழுதேன்.

ஜூன் 22, ஞாயிறு

சரவணன் எங்க வூட்டுக்கு வந்தார். வண்டியை ரோட்டுலயே விட்டுட்டு நடந்து. இந்தத் தெருவுக்குள்ள முதல் தடவையாம், அவரே சொன்னார். பொறந்து வளந்தது அந்தாண்ட ரோட்டுல. அம்மா டீ குடுத்துச்சு, குடிச்சார்.

"காரணத்தை அப்படியே அப்பாகிட்ட சொல்லிட்டேன். ஒத்துக்க மாட்டேன்னார். மில்லு என் பேர்ல இருக்கு. உடைச்சுடுங்க."

நல்ல மனுஷன்தான். கொஞ்சம் லேட்டு.

ஜூன் 25, புதன்

மேகமூட்டம். மேஸ்திரி விடிஞ்சதும் ஆரம்பிச்சுட்டார். நான் போறதுக்குள்ள பாதி செங்கல் கீழ. தூசு அடங்கினதும் அம்மா வந்துச்சு, வரலன்னு சொன்ன அம்மா. செருப்போட நேரா வந்து திறந்த வாசல் நடுவுல நின்னு உள்ள பாத்துச்சு.

ரோட்டுப் பக்கம் பெரியவர் கார் வந்து நின்னுச்சு. அங்க இருக்கிற பழைய கதவுக்கு முன்னாடி உடைச்ச செங்கல்லை எல்லாம் அடுக்கி வெச்சிருக்கு. வேணும்னேதான் அடுக்கச் சொன்னேன். சுவர் ஓரமாவே சுத்திக்கினு வடக்கே வந்தார். அம்மா ஒதுங்கும்னு நெனச்சேன். ஒதுங்கல.

அரிசி இருந்த இடம்னு அவருக்கு இன்னும் பழக்கம். குனிஞ்சு செருப்பைக் கழட்டப் போனார்.

"பரவால்ல, போட்டுக்கினே வாங்க"ன்னு அம்மா சொல்லுச்சு.